‘கேட்டான்’ எல்லாம் ‘ஆஸ்க்’ ஆகுமா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காதில் சத்தம் விழுந்தாலும் கேட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டது. ஏலத்தில் விலை சொன்னால் கேட்டது, பிள்ளை சொன்னபடி நடந்தால் பேச்சைக் கேட்டது, பெண் வீட்டுக்குத் தட்டோடு போனால் பெண் கேட்டது. தமிழில் இத்தனைக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. பள்ளியில் ‘ஆஸ்க் என்றால் கேள்’ என்று மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் அதையே போடும்போது கோளாறு தொடங்குகிறது.

ராமேசுவரத்தில் லாட்ஜ் வரவேற்பில் நிற்பவர், பாம்பனில் சுற்றுலாப் பயணிகளோடு பேசுபவர், மண்டபத்திலிருந்து நண்டு அனுப்பும் கம்பெனியில் மெயில் எழுதுபவர், கீழக்கரையிலிருந்து வளைகுடா வேலைக்கு நேர்காணல் கொடுப்பவர் என்று யாராக இருந்தாலும் சிக்குவது ஏறக்குறைய இதே சில இடங்களில்தான். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் வரும். ஆங்கிலச் சொற்கள் ஒலிப்பைப் பின்பற்றித் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

அறிகுறி 1: ‘ஆஸ்க்’ என்றதும் எதிரே இருப்பவர் திருதிருவென்று விழிக்கிறார்

“ஐ ஆஸ்க்ட் எ சவுண்ட் ஃப்ரம் தி இன்ஜின்” என்று சொல்லியிருப்பீர்கள். இன்ஜினில் சத்தம் கேட்டது என்பது உங்கள் பொருள். அவருக்கு விளங்கியதோ இன்ஜினிடம் சத்தம் வேண்டுமென்று கேட்டதுபோல.

முதல் சோதனை: ‘கேட்டேன்’ இருந்த இடத்தில் ‘காதில் விழுந்தது’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘ஹியர்’, இறந்த காலத்தில் ‘ஹெர்ட்’. “ஐ ஹெர்ட் எ நாய்ஸ் ஃப்ரம் தி இன்ஜின்.” இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் “ஐ ஆம் ஹியரிங்” என்று இழுக்கத் தேவையில்லை. “ஐ கேன் ஹியர் எ நாய்ஸ்” போதும்.

பொருந்தவில்லையா? ‘காது கொடுத்தேன்’ என்று போடுங்கள். பாட்டு, வானிலை அறிவிப்பு, பயான், பிரசங்கம் எல்லாம் இந்த வகை. இதற்கு ‘லிசன் டு’. அந்த ‘டு’ விழுந்துபோனால் வாக்கியம் நொண்டும். “ஐ லிசன்ட் டு தி வெதர் ரிப்போர்ட்.”

அதுவும் பொருந்தவில்லை, ‘சொன்னபடி நடந்தான்’ என்றுதான் பொருள் என்றால் அங்கேயும் ‘லிசன் டு’தான். “பையன் என் பேச்சக் கேக்க மாட்டேங்குறான்” என்பது “ஹீ டஸ்ன்ட் லிசன் டு மீ.” மூன்றும் பொருந்தாமல் ‘வினவினேன்’ அல்லது ‘வேண்டுமென்றேன்’ பொருந்தினால் மட்டும் ‘ஆஸ்க்’ உங்களுடையது. அடுத்த அறிகுறிக்குப் போகலாம்.

வி.எச்.எஃப். கருவியில் (படகு வானொலியில்) பேசுவோர் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். “கேக்குதா, கேக்குதா?” என்பதை “ஆர் யூ லிசனிங்?” என்று சொன்னால் ‘நான் பேசுகிறேன், உனக்குக் கவனம் எங்கே’ என்ற அதட்டலாக ஒலிக்கும். “டூ யூ ஹியர் மீ?” என்பது சரி. கப்பல்காரர்களோடு பேச நேர்ந்தால் அவர்களுடைய வழக்கு “ஹவ் டூ யூ ரீட் மீ?” இங்கே ‘ரீட்’டுக்கும் படிப்பதற்கும் தொடர்பில்லை. ‘என் குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது’ என்பதுதான் கேள்வி. பதிலும் 1 முதல் 5 வரை எண்ணாக வரும். 1 மோசம், 5 மிகத் தெளிவு. அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில், அதுவும் ஆபத்து நேரத்தில், இந்த ஒரு வரி நாக்கில் தயாராக இருக்க வேண்டும்.

அறிகுறி 2: பொருள் வேண்டுமென்றீர்கள், பதில் தகவலாக வருகிறது. அல்லது தலைகீழாக

இது ‘ஃபார்’ விட்டுப்போன கோளாறு. செலவே இல்லாமல் சரியாகும்.

சோதனை இது. நீங்கள் கேட்டது கிடைத்தால் அதைக் கையில் வாங்க முடியுமா, நேரில் பார்க்க முடியுமா? முடியும் என்றால் ‘ஆஸ்க் ஃபார்’. தண்ணீர், சாவி, ரசீது, மேனேஜர், உதவி எல்லாம் அப்படி. கிடைப்பது ஒரு செய்திதான் என்றால் வெறும் ‘ஆஸ்க்’. விலை, நேரம், பெயர், வழி எல்லாம் இப்படி. “ஹீ ஆஸ்க்ட் தி டைம்.” “ஷீ ஆஸ்க்ட் தி வே டு அக்னி தீர்த்தம்.”

ஆளைப் பற்றிச் சொல்லும்போது இந்த ஒரு சொல் முழுப் பொருளையும் மாற்றும். “ஆஸ்க் தி மேனேஜர்” என்றால் மேனேஜரிடம் கேளுங்கள். “ஆஸ்க் ஃபார் தி மேனேஜர்” என்றால் மேனேஜரைப் பார்க்க வேண்டுமென்று சொல்லுங்கள். பயணியைப் படகுத்துறைக்கு அனுப்பி வைக்கும்போது “ஜெட்டில போய் அண்ணன் பேரச் சொல்லிக் கேளுங்க” என்பதற்கு இரண்டாவதுதான் வேண்டும். பெயரைச் சொல்லி “ஆஸ்க் ஃபார் ஹிம் அட் தி ஜெட்டி” என்று அனுப்பினால் அவர் நேராக அந்த ஆளைத் தேடிப் போவார். ‘ஃபார்’ இல்லாமல் அனுப்பினால் அவரிடம் என்ன கேட்பது என்று திரும்பி உங்களிடமே கேட்பார்.

அனுமதி மட்டும் இரண்டு பக்கமும் போகும். ‘ஆஸ்க் பெர்மிஷன்’, ‘ஆஸ்க் ஃபார் பெர்மிஷன்’ இரண்டும் வழக்கில் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போக வனத்துறையிடம் அனுமதி கேட்பதைப் பற்றி எழுதும்போது எதைப் போட்டாலும் பிழையில்லை.

இங்கே இன்னொன்று. ‘மன்னிப்புக் கேட்டேன்’ என்பதை “ஐ ஆஸ்க்ட் சாரி” என்று சொல்வது நம் பக்கம் மிகப் பரவலான பிழை. சாரி என்பது கேட்டு வாங்கும் பொருளாக ஆங்கிலத்தில் இல்லை. “ஐ செட் சாரி” அல்லது “ஐ அபாலஜைஸ்ட்.”

அறிகுறி 3: ‘ஆஸ்க்ட் டு மீ’, ‘ஆஸ்க்ட் வித் ஹிம்’ என்று நடுவில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது

காரணம் ‘என்னிடம்’ என்பதில் உள்ள ‘இடம்’. அதற்கு ஈடாக ஏதாவது ஒன்று வேண்டும் என்று மனம் தேடுகிறது. தேட வேண்டாம். ‘ஆஸ்க்’குக்குப் பின் ஆள் நேராக வருவார். “ஹீ ஆஸ்க்ட் மீ.” ‘செட்’ (சொன்னார்) என்ற சொல்லுக்குத்தான் ‘டு மீ’ வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே தொற்றிக்கொள்கிறது.

‘ரெக்வெஸ்ட்’டும் இதே சட்டம்தான். “ஐ ரெக்வெஸ்ட் யூ.” நடுவில் ‘டு’ இல்லை. அது வினையாக இருக்கும்போது ‘ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்பதும் தவறு. “ஐ ரெக்வெஸ்ட் லீவ்.” பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் “மை ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்” சரி.

‘என்கொயர்’ மட்டும் விலகி நிற்கும். அதற்குப் பின்னால் ஆளை நேராக வைக்கக் கூடாது. “ஹீ என்கொயர்ட் மீ” என்பது எங்கும் செல்லாது. “ஹீ என்கொயர்ட் அபௌட் தி ரூம்” என்று விஷயத்தை வையுங்கள்.

அறிகுறி 4: கேள்வியைத் திருப்பிச் சொல்லும்போது வாக்கியம் உடைகிறது

பாம்பனில் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்தின் பக்கம் நிற்பவர்களிடம் வருகிற வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்பது, “வென் டஸ் தி பிரிட்ஜ் லிஃப்ட்?” அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும்போது “ஹீ ஆஸ்க்ட் தட் வென் டஸ் தி பிரிட்ஜ் லிஃப்ட்” என்று வந்துவிடுகிறது.

இதில் இரண்டு கோளாறு. ‘என்று கேட்டார்’ என்பதில் உள்ள ‘என்று’தான் ‘தட்’டாக நுழைகிறது. அதை எடுத்து வீசுங்கள். இரண்டாவது, கேள்வியாக இருந்தபோது முன்னால் ஓடிவந்த ‘டஸ்’ இப்போது தேவையில்லை. “ஹீ ஆஸ்க்ட் வென் தி பிரிட்ஜ் வுட் லிஃப்ட்.” கடைசியில் முற்றுப்புள்ளிதான், கேள்விக்குறி இல்லை.

கேள்வியில் எப்போது, எங்கே, எவ்வளவு போன்ற சொல் எதுவும் இல்லாமல் ஆம், இல்லை என்று பதில் வரும் வகையாக இருந்தால் நடுவில் ‘இஃப்’ போடுங்கள். “ரூம் இருக்கான்னு கேட்டாங்க” என்பது “தே ஆஸ்க்ட் இஃப் வீ ஹேட் எ ரூம்.” நம் ‘-ஆன்னு’ எங்கே வந்தாலும் அங்கே ‘இஃப்’ என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு தப்புவதில்லை.

அறிகுறி 5: விலை பேசும்போது வாங்குபவரும் விற்பவரும் இடம் மாறிவிடுகிறார்கள்

காசு போகிற கோளாறு இது. இந்தக் கரையில் வியாபாரம் செய்கிறவர்கள் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம் ஏலத்தில் ‘கேட்கிறவர்’ யார்? வாங்குபவர். மீனைக் கொட்டியதும் ஏலக்காரர் கூவுகிறார், சுற்றி நிற்கும் வியாபாரிகள் கேட்கிறார்கள். “ஏலம் கேட்டான்”, “கூடைய மூவாயிரத்துக்குக் கேட்டாங்க, குடுக்கல” என்றால் காசு கொடுக்க வந்தவர் சொன்ன தொகை. ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’ விலை விற்பவருடையது. ‘ஆஸ்கிங் பிரைஸ்’ என்றால் பொருளை வைத்திருப்பவர் எதிர்பார்க்கும் தொகை. இரண்டு மொழியும் நேர் எதிரெதிராக நிற்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. நீங்கள் கிலோ 480 ரூபாய் என்று நண்டுக்கு விலை வைத்திருக்கிறீர்கள். உள்ளூர் வியாபாரி 420-க்குக் கேட்டார். சென்னையிலோ கொச்சியிலோ இருக்கும் இன்னொரு கம்பெனிக்கு “லோக்கல் ஆஸ்க் 420” என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறீர்கள். ‘இங்கேயே 420-க்கு ஆள் இருக்கிறது, நீங்கள் மேலே போங்கள்’ என்பது உங்கள் எண்ணம். அங்கே படிப்பவர், ‘அந்த ஊரில் 420-க்கு விற்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்வார். அதற்குக் கீழே 400 என்று பேச்சைத் தொடங்குவார். உங்கள் கைத்துருப்பை நீங்களே அவர் கையில் கொடுத்தாயிற்று.

சோதனை ஒன்றே ஒன்று. காசு யார் கையிலிருந்து போகிறது? காசு கொடுப்பவர் சொன்ன தொகை ‘பிட்’ அல்லது ‘ஆஃபர்’. காசு வாங்குபவர் சொன்ன தொகை ‘ஆஸ்க்’ அல்லது ‘க்வோட்’. மேலே உள்ள செய்தி “லோக்கல் பிட் 420, மை ஆஸ்க் 480” என்று போயிருக்க வேண்டும். பங்குச்சந்தைத் திரையில் பக்கம் பக்கமாக ஓடும் ‘பிட்’, ‘ஆஸ்க்’ என்ற இரண்டும் இதே கணக்குத்தான்.

ஏலம் என்று வந்தாலே ‘ஆஸ்க்’கைத் தொடாதீர்கள். ஏலம் கேட்பது ‘பிட்’. கேட்கிறவர் ‘பிட்டர்’.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். அக்னி தீர்த்தம் பக்கத்துச் சங்குக் கடையில் வெள்ளைக்காரப் பயணி ஒரு வலம்புரி மாதிரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு “ஹவ் மச் ஆர் யூ ஆஸ்கிங்?” என்கிறார். ‘நீ எவ்வளவுக்குக் கேட்கிறாய்’ என்று எடுத்துக்கொண்டால் கடைக்காரருக்குக் குழப்பம்தான், விற்பது அவரல்லவா. ‘உங்கள் விலை என்ன’ என்பதுதான் அதன் பொருள். விலையைச் சொன்னால் போதும்.

ஏற்றுமதி மெயிலில் இன்னும் இரண்டு சொல் உண்டு. வாங்குபவர் ‘என்ன விலை, எவ்வளவு சரக்கு, எந்த அளவு’ என்று முதலில் எழுதுவது ‘என்கொயரி’. அதற்கு நீங்கள் அனுப்பும் விலைத்தாள் ‘கொட்டேஷன்’. ‘வீ ரிசீவ்ட் யுவர் டிமாண்ட்’ என்று பதிலைத் தொடங்கினால் அவர் ஏதோ மிரட்டியதுபோல் இருக்கும். “தேங்க் யூ ஃபார் யுவர் என்கொயரி” என்று தொடங்குங்கள்.

விலை தொடர்பான செய்தி ஏற்கெனவே தவறாகப் போய்விட்டதா? நீட்டி முழக்கி விளக்க வேண்டாம். “கரெக்ஷன்: 420 இஸ் தி பையர்ஸ் பிட். மை பிரைஸ் இஸ் 480” என்று உடனே இன்னொரு செய்தி. எதிரே ‘ஓகே, கன்ஃபர்ம்ட்’ என்று வந்தபின் திருத்தப் பார்த்தால் அது ஒப்பந்தத் தகராறாகிவிடும். அந்த நிலையில் பேச வேண்டியவர் வழக்கறிஞர்.

அறிகுறி 6: சாதாரணமாகச் சந்தேகம் கேட்டீர்கள், எதிரே கோபம் வருகிறது

“ஐ ஹாவ் எ டவுட் அபௌட் யுவர் பேமென்ட்.” நம் ஊருக்குள் இது ஒரு குற்றமும் இல்லாத வாக்கியம். வகுப்பறையில் எழுந்து நிற்கும் பிள்ளை முதல் வங்கியில் நிற்கும் பெரியவர் வரை டவுட் கேட்கிறோம், யாரும் தவறாக எடுப்பதில்லை. இந்தியாவுக்கு வெளியே ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மை. ‘நீ பணம் கொடுப்பாயா என்று எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று அந்த வரி படிக்கப்படும்.

மாற்று: “ஐ ஹாவ் எ க்வெஸ்சன் அபௌட் யுவர் பேமென்ட்.” எழுத்தில், அதிலும் பில்லில் ஒரு குறிப்பிட்ட வரி புரியவில்லை என்றால் ‘க்வெரி’ பொருத்தமான சொல்.

ஆனால் ‘க்வெஸ்சன்’ பெயராக இருக்கும்வரைதான் சாது. வினையானால் கடிக்கும். “ஐ வான்ட் டு க்வெஸ்சன் யூ” என்றால் ‘உன்னை விசாரிக்கப் போகிறேன்’. “ஐ க்வெஸ்சன்ட் தி பில்” என்றால் ‘பில் சரியில்லை என்று எதிர்த்தேன்’. ஒன்றைத் தெரிந்துகொள்ள மட்டும் விரும்பினால் “கேன் ஐ ஆஸ்க் யூ சம்திங்?” இதைவிட மெதுவான வாசல் ஆங்கிலத்தில் இல்லை.

அறிகுறி 7: நலம் விசாரித்தது போலீஸ் விசாரணைபோல் ஒலிக்கிறது

“காக்கா ஒங்கள ரொம்ப விசாரிச்சாக” என்று கீழக்கரையில் சொன்னால் (காக்கா என்றால் அங்கே அண்ணன்) அதில் இருப்பது பாசம் மட்டும். துபாயில் உடன் வேலை பார்க்கும் வேற்று மொழிக்காரரிடம் அதை “மை பிரதர் என்கொயர்ட் அபௌட் யூ” என்றால், ‘என்னைப் பற்றி ஏன் தகவல் திரட்டுகிறார்’ என்று அவர் யோசிப்பார். ‘இன்வெஸ்டிகேட்டட்’ என்று சொல்லிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

அன்போடு விசாரிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘ஆஸ்க் ஆஃப்டர்’. “மை பிரதர் ஆஸ்க்ட் ஆஃப்டர் யூ.” அமெரிக்கர் என்றால் “ஆஸ்க்ட் ஹவ் யூ ஆர் டூயிங்” இன்னும் எளிதில் விளங்கும்.

விசாரணை என்ற நம் ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் சூடு ஏற ஏறச் சொல் மாறும். நாளிதழ் படிக்கும்போது இந்த வரிசை தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். கடைசிப் படகு எப்போது என்று கவுன்ட்டரில் கேட்பது ‘என்கொயர்’. கணக்கிலோ ரசீதிலோ ஓர் இடத்தைச் சுட்டிக் கேட்பது ‘க்வெரி’. வேலைக்கு ஆள் எடுக்கவோ செய்தி எழுதவோ கேட்பது ‘இன்டர்வியூ’. சந்தேகத்தோடு, பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கேட்பது ‘க்வெஸ்சன்’. நீதிமன்றக் கூண்டில் தன் தரப்பு வழக்கறிஞர் கேட்பது ‘எக்ஸாமின்’, எதிர்த்தரப்பு மடக்கிக் கேட்பது ‘கிராஸ் எக்ஸாமின்’. பூட்டிய அறையில் திரும்பத் திரும்ப, நீண்ட நேரம், அதிகாரத்தோடு கேட்பது ‘இன்டெரகேட்’. ‘க்ரில்’ என்று செய்தியில் வந்தால் துருவித் துருவி வாட்டினார்கள் என்று பொருள்; அது பேச்சு வழக்கு, மனுவில் எழுதக் கூடாது.

கடலுக்குப் போனவர்கள் பிடிபட்ட செய்தி வரும் நாளில் இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டாக இருப்பதில்லை. ‘டிடெய்ன்ட் ஃபார் க்வெஸ்சனிங்’ என்றால் நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். ‘அரெஸ்டட்’ என்றால் கைது. ‘ரிமாண்டட்’ என்றால் நீதிமன்றம் காவலில் வைக்க உத்தரவிட்டுவிட்டது. வீட்டுப் பெண்களிடம் யாராவது வாசித்துச் சொல்லும்போது மூன்றையும் ‘புடிச்சு வச்சிருக்காங்க’ என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். எந்தச் சொல் என்று பிரித்துச் சொல்லுங்கள். அடுத்து எங்கே ஓடுவது, யாரிடம் போவது என்பது அதைப் பொறுத்தது.

ஒரு சிறு எழுத்துக் குழப்பம்: ‘என்கொயர்’ என்று ஆங்கில எழுத்து ஈ-யில் தொடங்குவதா, ‘இன்கொயர்’ என்று ஐ-யில் தொடங்குவதா? பிரிட்டிஷ் வழக்கில் சாதாரணமாகக் கேட்பதற்கு ஈ, அதிகாரபூர்வ விசாரணைக்கு ஐ என்று பிரித்து எழுதுவோர் அதிகம். அமெரிக்காவில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஐ. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அறிகுறி 8: மனு பணிவாக எழுதினால் எடுபடவில்லை, அழுத்தி எழுதினால் திமிராகத் தெரிகிறது

நம் ‘கோரிக்கை’ பணிவுக்கும் உரிமைக்கும் நடுவில் நிற்கும் நல்ல சொல். அதற்குச் சரியான ஈடு ஆங்கிலத்தில் இல்லாததால் எழுதுபவர் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது. ‘ரெக்வெஸ்ட்’ என்றால் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். ‘டிமாண்ட்’ என்றால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை.

தனி ஆள் அதிகாரிக்கு எழுதினால் ‘ரெக்வெஸ்ட்’. சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது, நாள் கடந்தும் வரவில்லை என்றால் ‘க்ளெய்ம்’ பொருத்தம். காப்பீடு, நிவாரணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கான உதவித்தொகை எல்லாம் இதில் அடங்கும். சங்கம் கூடிப் போராட்ட அறிவிப்பு கொடுக்கும்போது ‘டிமாண்ட்’ போடலாம், அங்கே அதுதான் வேண்டும். ‘பெக்’ மட்டும் வேண்டாம். பழைய மனு மாதிரிகளில் ‘ஐ பெக் டு’ என்று இன்னும் இருக்கிறது. உரிமையைக் கேட்பவர் இரந்து நிற்கும் சொல்லை எழுதத் தேவையில்லை.

‘கேட்டுக்கொள்கிறோம்’ என்ற அறிவிப்புப் பலகை வரிக்கு “விசிட்டர்ஸ் ஆர் ரெக்வெஸ்டட் டு” என்று தொடங்குவது சரியான வடிவம்.

இளைஞர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. “அவளை வெளியே வரச் சொல்லிக் கேட்டேன்” என்பதை “ஐ ஆஸ்க்ட் ஹெர் அவுட்” என்று சுருக்கினால் காதலோடு அழைத்ததாகப் பொருள். “ஐ ஆஸ்க்ட் ஹெர் டு கம் அவுட்” என்று முழுதாகச் சொல்லுங்கள்.

அறிகுறி 9: ‘ஆஸ்க்ட்’ வாயில் வரவில்லை

மூன்று மெய் அடுத்தடுத்து வருவதால் நாக்கு ‘ஆக்ஸ்ட்’ என்று திருப்பிக்கொள்கிறது. அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வடிவம்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நேர்காணலில் தவிர்ப்பது நல்லது. ‘க்’கை விட்டுவிடுங்கள். ‘ஆஸ்’ என்று காற்றை நீட்டி, ‘ட்’டில் நிறுத்துங்கள்: ‘ஆஸ்ட்’. ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்களும் வேகமாகப் பேசும்போது இப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தில் மட்டும் ‘க்’ இருக்க வேண்டும்.

எந்த இடத்தில் நீங்களே சரிசெய்வதை நிறுத்த வேண்டும்

பேச்சிலும் மெயிலிலும் வரும் பிழைகளை மேலே சொன்னபடி நீங்களே தீர்க்கலாம். கையெழுத்துப் போடும் தாளுக்கு வந்துவிட்டால் முடியாது.

முக்கியமாக வாக்குமூலம். “நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்துனோம்” என்று கடலில் நடந்ததைச் சொல்கிறார் ஒருவர். மொழிபெயர்ப்பவர் “தே ஆஸ்க்ட் அஸ் டு ஸ்டாப்” என்று எழுதுகிறார். ‘ஆஸ்க்ட் டு’ என்றால் கேட்டுக்கொண்டார்கள், மறுக்கவும் வழி இருந்தது என்ற சாயல் வந்துவிடும். ஆயுதத்தோடு நின்று ‘நிறுத்து’ என்றது ‘ஆர்டர்ட்’. சாதாரணமாகச் சொன்னது ‘டோல்ட்’. மூன்று சொல்லுக்கும் சட்டத்தின் முன் எடை வேறு. நம் ‘சொன்னான்’ இந்த மூன்றையும் விழுங்கிவிடும் என்பதால் மொழிபெயர்ப்பவர் திரும்பக் கேட்காமல் எழுதவே கூடாது.

‘விசாரணைக்கு ஆஜராகவும்’ என்று காவல் நிலையத்திலிருந்து தாள் வந்தால் அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சாட்சியாகக் கூப்பிட்டாலும் சந்தேகத்தில் கூப்பிட்டாலும் தமிழில் அதே வரிதான். பிரிவு எண்ணைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 179 என்றிருந்தால் சாட்சியாக அழைப்பு. 35 என்றிருந்தால் உங்கள் மேலேயே சந்தேகம் இருக்கிறது, வழக்கறிஞரைப் பார்க்காமல் போக வேண்டாம். கைதானவர் தனக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துபேச அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு உரிமை தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது 20-ஆம் பிரிவு. காசில்லை என்று நிற்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம், தூதரகத்துக்குப் போகும் கடிதம் ஆகியவற்றுக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும். செல்போன் மொழிபெயர்ப்பு ‘கேட்டாங்க’வைப் பார்த்ததும் ஹியர், லிசன், ஆஸ்க், பிட் என்ற நான்கில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறது, எதைத் தேர்ந்தெடுத்தது என்று உங்களிடம் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதி முடித்ததும் தாளைத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘ஆஸ்க்ட்’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, யார், யாரிடம், கேட்டாரா, சொன்னாரா, உத்தரவு போட்டாரா என்று உறுதிசெய்யுங்கள். மாற்ற வேண்டியதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்ட பிறகு முழுக் கையெழுத்து.